ஒரு ஜேர்மன் வினைச்சொல்லின் பூர்வீகமும் பெரியாயியின் கருமாதியும்

பதுளை,
2024 ஆகஸ்ட் 14

சிவசக்திக்கு,

1. நான், காலஞ்சென்ற பெரியாயியின் மூத்த மகன் தயாபரன், பதுளை நகரில் சட்டத்தரணியாகவும், காணி உறுதிகளை எழுதும் பிரசித்த நொத்தாரிசாகவும் தொழில் செய்பவன், உன் உடன்பிறந்த அண்ணன், இதை என் கையால் எழுதுகிறேன்.

2. ஜேர்மனியின் உல்ம் நகரிலிருந்து நீ அனுப்பிய கடிதம் கிடைத்தது. அம்மாவின் அடக்கத்தோடு வந்த சண்டைக்கும் நீ நாட்டைவிட்டுப் போனதற்கும் பின்னர் நம்மிருவருக்கும் இடையே நடந்த முதல் தொடர்பு அதுவே.

3. அதில் நீ கேட்டிருப்பது: மடுல்சீமையில் நம் தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவிலுள்ள லயக் குடியிருப்புகளை, மண்சரிவு அபாயம் காரணமாக, இவ்வருட மழைக்கு முன் காலி செய்யப் போகிறார்கள். அதன்பின் மயான மேட்டுக்கு எவரையும் விடமாட்டார்கள். ஆகவே, ஆறு வருடங்களாக நடவாமல் கிடக்கும் அம்மாவின் கருமாதியை, மூத்த மகன் என்ற முறையில் நான் அங்கே போய்ச் செய்து முடிக்க வேண்டும்.

4. அதில் நீ எழுதியிருப்பது: கடிதத்தின் அடியில், தமிழ் தராமல், ஒரேயொரு ஜேர்மன் சொல். ‘ஃபெர்ட்சை.’

இலக்கமிடுவதை இத்துடன் நிறுத்துகிறேன். இது மனு அல்ல என்பது எனக்கும் தெரியும்.

அந்தச் சொல்லின் பொருளைக் கைப்பேசியில் பார்த்தேன். ‘மன்னித்துவிடு’ என்று வந்தது. அது எனக்குப் போதவில்லை. நான் அறியாத மொழியில் எழுதப்பட்ட எதிலும் நான் கையொப்பம் இட்டதில்லை. ஒரு காணியின் பூர்வீகத்தைத் தேடாமல் அதன் உறுதியை எழுதுவதும் இல்லை. சொல்லுக்கும் பூர்வீகம் இருக்கிறது. ‘ஃபெர்ட்சையென்’ என்பது எந்த வேரிலிருந்து வந்தது, முன்னால் ஒட்டியிருக்கும் ‘ஃபெர்’ எதைச் செய்கிறது, இதற்கு முன் அச்சொல் எந்தெந்தப் பொருளில் வாழ்ந்தது என்பதை ஒரு நல்ல சொற்பிறப்பு அகராதியில் பார்த்து எழுது. அங்கே நூலகம் இருக்கும்.

என் நிலைப்பாட்டை நீ மறந்திருக்கக் கூடும் என்பதால் திரும்பவும் எழுதுகிறேன். அம்மா இறந்ததை எனக்கு அறிவிக்க எவரும் வரவில்லை. மறுநாள் நண்பகலில் அடக்கம் நடந்தது. கொள்ளிக்குடத்தைச் சித்தப்பா மகன் நிமலன் உடைத்தான். மூன்றாம் நாள், கடைவீதியில், புடவைக்கடை ஜாபிர் என் கையைப் பிடித்து, “உம்மா மவுத்தாமே, நீங்க கடைத்தெருவில நிக்கிறீங்க?” என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியவந்தது. தாய்க்குக் குடம் உடைக்காதவன் அவளுக்குத் தண்ணீர் வார்ப்பது முறையா என்பதை நீயே யோசி.

தயாபரன்


உல்ம்,
2024 செப்டெம்பர் 3

அண்ணனுக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேட்டு எழுத ஆரம்பிச்சேன். அடிச்சிட்டேன். நீங்க கேக்காததை நான் மட்டும் ஏன் கேக்கணும்.

கருமாதி பண்ணுங்கன்னு கேட்டா அகராதி பாக்கச் சொல்ற அண்ணன் உலகத்துல எனக்கு மட்டும்தான் இருக்கும். முதியோர் இல்லத்துல பகல் வேலை முடிச்சிட்டு, கால் வீங்கிப் போய், நூலகத்துல நின்னு எழுதி எடுத்தேன். அங்க வேலை பாக்குற வெள்ளைக்கார அம்மா என்ன பரீட்சைன்னு கேட்டுச்சு. எங்க அண்ணன் வைக்கிற பரீட்சைன்னேன்.

இதுதான் உங்க பூர்வீகம். ‘ட்சையென்’னா குற்றஞ்சாட்டுறது. இன்னைக்கு யாரும் பேச்சுல சொல்றதில்ல, பழம் புத்தகத்துல தான் இருக்கு. முன்னால வர்ற ‘ஃபெர்’ அந்த வேலையை அப்பால தள்ளுது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தி இது ‘ஃபிர்ட்சீஹன்’. அப்போ அதுக்கு மன்னிப்புங்கிற அர்த்தமே கெடையாது. மறுக்கிறது, தரமாட்டேன்னு சொல்றது. அதுக்கப்புறம் நடுக்காலத்துல, தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுக்கிறது. அது உங்க ஆளுங்க சொல்லுதான், கோர்ட்டுச் சொல்லு. உரிமையைத் துறக்கிறதுக்கு இங்க இன்னைக்கும் சொல்ற ‘ஃபெர்ட்சிஷ்ட்’ இதோட கூடப் பொறந்தது. கடைசியாத்தான் மன்னிக்கிறதுன்னு ஆச்சு. எல்லாத்துக்கும் அடியில ஒரு ஆதி வேர். ‘காட்டுறது’ன்னு அர்த்தம். லத்தீன்காரன் அதுலயிருந்து ‘சொல்லு’ன்னு எடுத்துக்கிட்டான், கிரேக்கத்துல ‘நீதி’ன்னு ஆச்சு, சமஸ்கிருதத்துல ‘திச்’. நம்ம திசை அங்கயிருந்து வந்ததுதானாம்.

இங்க பஸ்ஸுல கால மிதிச்சா சொல்றதுக்கு வேற சொல்லு இருக்கு. இது கனமான விஷயத்துக்கு. நம்ம வீட்டுல யாரு யாருகிட்ட மன்னிப்பு கேட்டிருக்கோம்? சண்டை போட்டா மறுநாள் அம்மா ரொட்டி சுட்டு முதல்ல உங்க தட்டுல வைக்கும். அவ்வளவுதான். தமிழ்ல எழுத எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதான்.

எதுக்காகக் கேட்டேன்னா, நீங்க வர்றதுக்கு முந்தி குழியை மூடினதுக்கு. அதுக்கு மட்டும்தான். ரோட்டு ஒடஞ்சு ஐஸ் பெட்டி கொண்டுவர வழியில்ல. மழையில மேட்டுல குழி நெறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. தோட்டமே நின்னு கத்துச்சு. மறுநாள் உச்சிவரைக்கும் தாக்காட்டி நிறுத்தி வச்சேன்.

ஆனா ஆளே வரலன்னு எழுதியிருக்கீங்களே, அதை நான் ஒத்துக்கமாட்டேன். அம்மா கண்ணை மூடின காலையிலயே ராக்கப்பனை அனுப்பினேன். உங்களுக்குத் தெரியும், நம்ம கணக்குல எந்தச் சாவுன்னாலும் கேதம் சொல்லப் போறது அவருதான். சரிஞ்ச ரோட்டை நடந்தே தாண்டி பதுளைக்கு வந்தாரு. திரும்பி வந்து, “அண்ணனைப் பாத்தேன், கையைக் காட்டினாங்க”ன்னாரு. போ போன்னு காட்டியிருக்கீங்க. மூணாம் நாள் வந்து லயத்து வாசல்ல நின்னு, எவன் வந்து சொன்னான்னு கத்தினப்ப, வக்கீல் வாயின்னு நெனச்சுத்தான் கதவைச் சாத்தினேன்.

போன் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. அப்பா செத்தப்ப போன் போட்டோம். சாவை போன்ல சொல்ற சாதியாய்யா நீங்க, ஆள் அனுப்பத் தெரியாதான்னு வீட்டையே ரெண்டாக்கினது யாரு?

ஒக்டோபர் கடைசிக்குள்ள லயத்தைக் காலி பண்ணுறாங்க. பண்ணுவீங்களா மாட்டீங்களா, அதைச் சொல்லுங்க.

சக்தி


பதுளை,
2024 செப்டெம்பர் 25

சிவசக்திக்கு,

உன் கடிதத்தின் முதற்பகுதிக்கு நன்றி. இரண்டாம் பகுதியைப் பல தடவை வாசித்தேன்.

முதலில் சொல்லைப் பற்றி. நான் அச்சப்பட்டதைவிட அது நேர்மையான சொல்லாக இருக்கிறது. தமிழில் ‘மன்னித்தல்’ பொறுத்துக்கொள்வதைச் சொல்கிறது. பொறுப்பவன் மேலே இருக்கிறான், பொறுக்கப்படுபவன் கீழே இருக்கிறான். நீ அனுப்பிய சொல் அப்படி உயரம் பார்க்கவில்லை. ஒருவன் இன்னொருவனைச் சுட்டிக் காட்டினான்; அதனால் குற்றஞ்சாட்டினான்; பின்பு அந்தச் சாட்டுதலைத் தன்னிடமிருந்து அப்பால் வைத்தான். மற்றவன் நல்லவனா என்று அச்சொல் கேட்கவில்லை. வழக்காளி தன் வழக்கைக் கைவிடுகிறான், அவ்வளவே. இடையில் ‘மறுத்தல்’ என்ற பொருளில் அது சில நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது என்பதையும் கவனித்தேன். அங்கே நிற்பவர்களை எனக்கு விளங்குகிறது.

ஆனால் கைவிடப்படும் குற்றச்சாட்டு எதுவென்று திட்டமாகத் தெரியாமல் அதைக் கைவிட முடியாது. ராக்கப்பன் என்னிடம் வந்து செய்தி சொன்னார் என்கிறாய். அவர் சொல்லவில்லை என்பதை நான் எந்த மன்றிலும் சத்தியம் செய்வேன். அதேவேளை, நீ பொய் எழுதுகிறாய் என்றும் என்னால் நினைக்க முடியவில்லை. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருப்பதற்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

என் அலுவலகத்தில் அன்றும் இன்றும் எழுதுவினைஞராக இருக்கும் ஹம்ஸியாவிடம் கேட்டேன். அவர், “அந்த வாரம் மழையில நனைஞ்சுபோய் ஒரு தோட்டத்து மனிசன் படியில நின்டார் சேர். உள்ளுக்கு வந்து இருங்கோ என்டு எத்தன தரம் கூப்பிட்டன், வரவே இல்ல. வேட்டித் துண்டத் தலையில போட்டுக்கொண்டு நின்டார்,” என்றார். யாரென்று கேட்டீர்களா என்றேன். “கேட்டன். சேரோட மட்டும்தான் கதைக்கணும் என்டார். காணிப் பிரச்சினை என்டு நினைச்சன்,” என்றார்.

எனக்கு அந்த மனிதர் நினைவில் இல்லை.

ராக்கப்பனை நேரில் விசாரிப்பேன். அதற்கு முன் ஒரு விடயம் தீர வேண்டியிருக்கிறது. ‘ஃபெர்’ என்ற முன்னொட்டு ஒன்றல்ல, பழைய காலத்தில் வெவ்வேறாயிருந்த மூன்று முன்னொட்டுகள் தேய்ந்து ஒன்றானது என்று ஓரிடத்தில் வாசித்தேன். அம்மூன்றில் இச்சொல்லுக்குரியது எது என்பதில்தான் ‘கைவிடுதல்’ நிலைக்கிறது. பேராதனையில் மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இது குறித்து எழுதியிருக்கிறேன். அவருடைய பதில் வந்ததும் மடுல்சீமைக்குப் புறப்படுவேன். ஒக்டோபர் இறுதிவரை அவகாசம் இருக்கிறது.

தயாபரன்


உல்ம்,
2024 ஒக்டோபர் 15

(இதைப் படமெடுத்து ஹம்ஸியாவோட போனுக்கு அனுப்புறேன். அச்செடுத்து உங்க மேசையில வைக்கச் சொல்லியிருக்கேன்.)

அண்ணே,

நிமலன் காலையில பேசினான். ரெண்டு நாளா விடாம மழையாம். மேட்டுல, நம்ம அம்மா படுத்திருக்கிற பக்கம், மண்ணு வாய் பொளந்து நிக்குதாம். கை நுழையுற அளவு வெடிப்பு. லயத்து ஆளுங்களை நேத்தே ஸ்கூலுக்கு ஏத்திட்டாங்களாம். ஒக்டோபர் கடைசி வரைக்கும் மழைக்குத் தவணை குடுத்தது யாரு?

வார்த்தைய விடுங்க. பேராதனைக்காரரை விடுங்க. போங்க.

நான் வரமுடியாது. லீவு கேட்டேன், தைமாசந்தான்னாங்க. நீங்க பஸ் ஏறினா பொழுதுக்குள்ள போயிடலாம். அரிசி, எள்ளு, ஒரு சொம்புத் தண்ணி. ஐயரு கெடைக்காட்டி நிமலன் கூட நிப்பான்.

உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. சொன்னா உங்களைக் குத்துற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். அன்னைக்கு விடியக்காலம் அம்மா, யாரு வந்திருக்கான்னு கேட்டுச்சு. யாருமில்ல, மழைன்னேன். “கதவைத் தெறந்து வையி, அவன் சப்பாத்தைக் கழட்டிட்டு வர நேரமாகும்”னுச்சு. தெறந்துதான் வச்சேன். அதுக்கப்புறம் பேசல.

நீங்க கையக் காட்டினீங்களோ காட்டலையோ, எனக்கு இனிமே அது வேணாம். நான் விட்டுட்டேன். எழுதி வாங்கணும்னா இதையே வச்சுக்குங்க. அம்மாவுக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்துங்க, அண்ணே.

சக்தி


பதுளை,
2024 நவம்பர் 4

அன்புள்ள சக்திக்கு,

உனக்குத் தெரிந்திருக்கும். நிமலன் சொல்லியிருப்பான். இருந்தும் என் வாயால் நீ கேட்க வேண்டியது என்பதால் எழுதுகிறேன்.

உன் கடிதம் என் மேசைக்கு வந்தது ஒக்டோபர் பதினைந்தாம் திகதி பிற்பகல். மறுநாள் எனக்கு ஒரு வழக்கு இருந்தது. தவணை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை புறப்படுவதாகத் தீர்மானித்தேன். வியாழன் அதிகாலை மேடு இறங்கிவிட்டது. லயங்கள் காலியாக இருந்தபடியால் உயிர்ச்சேதம் இல்லை. மயானம் முழுவதும், அதன் கீழிருந்த தேயிலையும், ஓடை வரைக்கும் போய்விட்டன. பேராதனையிலிருந்து பதில் அன்று காலைத் தபாலில் வந்தது. இச்சொல்லுக்குரிய முன்னொட்டு ‘அப்பால்’ என்ற பொருளுடையதே என்று மிகத் தெளிவாக எழுதியிருக்கிறார். அவருக்கு நன்றிக் கடிதம் எழுத இன்னும் என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். சரிவுக்கு இப்பால் பாதையை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சிவந்த மண் மட்டுமே. அம்மா எங்கே இருந்தாள் என்று நிமலன் கையை நீட்டிக் காட்டினான். பிறகு கொஞ்சம் இடப்பக்கமாகக் காட்டினான். பிறகு கையை இறக்கிக்கொண்டான்.

ராக்கப்பனைப் பாடசாலை மண்டபத்தில் கண்டேன். மிகவும் தளர்ந்துவிட்டார். பாயில் குந்தியிருந்தவர் எழுந்து நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. எங்கள் பேச்சை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

“அம்மா செத்த அன்று என் அலுவலகத்துக்கு வந்தீர்களா?”

“வந்தேங்க.”

“ஏன் உள்ளே வரவில்லை?”

“கேதம் சொல்ல வந்தவன் உள்ள வரக்கூடாதுங்களே. உக்காரவும் கூடாது, தண்ணி வாங்கிக் குடிக்கவும் கூடாது. வாசல்ல நின்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போகணும்.”

“அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாமே.”

“அதெப்படிங்க. மூத்த மகன் காதுல விழுறதுக்கு முந்தி மத்தவங்க காதுல போடலாமா? நீங்கதானே முறை முறைன்னு அப்பா சாவுல கத்துனீங்க.”

“நான் உங்களைப் பார்த்தேனா?”

“பாத்தீங்க. சுத்தி நாலஞ்சு பேரு கையெழுத்துப் போட நின்னாங்க. என்னைப் பாத்து இப்பிடிக் கையைக் காட்டுனீங்க.” உள்ளங்கையை என்னை நோக்கி நிறுத்திக் காட்டினார். “இருன்னு. இருந்தேன்.”

நீ அறிய வேண்டும், சக்தி. அது போ என்ற கையல்ல. உறுதி ஒன்றை நிறைவேற்றும்போது நொத்தாரிசும், உரியவர்களும், சாட்சிகளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வேளையில் யார் வந்தாலும், முகத்தைப் பாராமல், நான் அப்படித்தான் கை உயர்த்துவேன். முடிந்ததும் பின்வாசலால் காணிப் பதிவகத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். அன்றும் போயிருக்கிறேன்.

“எதுவரை நின்றீர்கள்?”

“அந்த முஸ்லிம் பிள்ள கதவைச் சாத்துற வரைக்கும். சேர் அப்பவே பின்பக்கமாப் போயிட்டாருன்னுச்சு. வக்கீல் ஐயாகிட்ட கேதம் சொல்றதுக்கும் தவணை எடுக்கணும் போலன்னு நெனச்சுக்கிட்டேன். பஸ்ஸு இல்ல. ஸ்டாண்டுல படுத்துட்டு மறுநாள் நடந்து வந்து சேர்றப்ப மண்ணு போட்டுட்டாங்க.”

“என் தங்கச்சியிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை?”

“பாத்தியான்னு கேட்டுச்சு. பாத்தேன்னேன். என்ன சொன்னாருன்னு கேட்டுச்சு. கையக் காட்டுனாருன்னேன். அதுல பொய் இல்லீங்களே. சொல்லாமத் திரும்பி வந்தவன்னு சொல்ல வாய் வரலங்க. எங்க அப்பன் காலத்துலயிருந்து சொல்லாமத் திரும்புனதில்ல. நீங்க வந்து கத்துனப்பக்கூட லயத்துக்குப் பின்னாலதான் நின்னேன். கால் வரல.”

நான் கேட்க இன்னும் கேள்விகள் இருந்தன. கேட்கவில்லை. அவரை அழைத்துக்கொண்டு கயிறு கட்டிய இடத்துக்கு நடந்தேன். மெதுவாகத்தான் அவரால் நடக்க முடிந்தது. அங்கே நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவருக்கு எதிரே நின்று, “நீங்கள் அன்று கொண்டுவந்ததைச் சொல்லுங்கள்,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளையாடுகிறேனோ என்று நினைத்திருப்பார். பின்பு தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சற்றுப் பின்னால் தள்ளி நின்று, சொன்னார்:

“மேக்கணக்குப் பெரியாயி அம்மா விடியக்காலம் தவறிட்டாங்க. மூத்த மகன் வந்து ஆகவேண்டியதைப் பாக்கணும்னு மக சொல்லிவிட்டுச்சு.”

சொல்லிவிட்டு, முறைப்படி, திரும்பிப் பாராமல் மண்டபத்தை நோக்கிப் போனார். நான் அவரை நிறுத்தவில்லை. நான் அங்கேயே இருந்தேன், சக்தி. ஆறு வருடங்களாக, அன்றுவரை, அம்மாவுக்காக நான் அழுதிருக்கவில்லை. உன் மேல் கோபமாக இருந்தேன். அந்த வேலையே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

எள்ளும் தண்ணீரும் நிமலன் கொண்டுவந்தான். கயிற்றுக்கு இப்பால் நின்று இறைத்தேன். மண்ணுக்கா, ஓடைக்கா, எதற்கு இறைத்தேன் என்று எனக்குத் தெரியாது. அதைக் கருமாதி என்று சொல்லலாமா என்று நீ கேட்டால், நான் பதில் சொல்லத் தகுதியுள்ளவன் அல்லன். நீ கேட்ட இடத்தில், நீ கேட்ட காலத்தில், அது நடக்கவில்லை. நடந்திருக்க முடியும். நான் ஒரு முன்னொட்டுக்காகக் காத்திருந்தேன்.

நீ ஆகஸ்ட்டில் எனக்கு எழுதிய சொல்லை நான் உனக்குத் திருப்பி எழுதவில்லை. எழுதினால் நீ அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீ ஏற்கெனவே, ஒக்டோபரில், நான் கேட்காமலே விட்டுவிட்டாய். ஆகவே எனக்குரியதை மட்டும் செய்கிறேன். நேரில் சொல்லத் தெரியாதபடியால், எனக்குத் தெரிந்த முறையில் எழுதுகிறேன்.

பெரியாயியின் மகன் தயாபரனாகிய நான், என் தங்கை சிவசக்தி தாயின் இறப்பை எனக்கு அறிவிக்கவில்லை என்று இதுகாறும் கூறிவந்த குற்றச்சாட்டை முற்றாகக் கைவிடுகிறேன். அறிவிப்பு உரிய முறையில் அனுப்பப்பட்டது. என் வாசலுக்கு வந்தது. என் கையால் நிறுத்தப்பட்டது. அவள் குழியை மூடியது சரியே. இக்கைவிடுதலுக்குப் பதிலாக நான் எதையும் கோரவில்லை. தாயின் இறப்பை நான் கேட்டறிந்த நாள் 2024 ஒக்டோபர் 18 எனவும், அன்றிலிருந்தே எனக்குத் துக்கம் தொடங்குகிறது எனவும் இதனால் தெரிவிக்கிறேன்.

பதுளையில், கீழ்க்காணும் இருவரும் ஒன்றாகச் சமுகமாயிருக்க, நான் இதை வாசித்துக் காட்டியபின் ஒப்பமிட்டேன். ராக்கப்பன் இம்முறை உள்ளே வந்து கதிரையில் அமர்ந்திருக்கிறார். தேநீர் குடித்தார்.

(ஒப்பம்) பெ. தயாபரன்

சாட்சிகள்:
ராக்கப்பன், மேற்கணக்கு, மடுல்சீமை (இடது பெருவிரல் அடையாளம்)
ஹம்ஸியா, எழுதுவினைஞர், பதுளை